சுழலாத ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்டது: டிவிஎஸ் டையோடு முதல் டிடிரெஸ்க்யூ வரை

3.5 அங்குலம், 1 டெராபைட், யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க். 12 வோல்ட் அடாப்டர் செருக வேண்டிய துளையில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போனதில் செத்துவிட்டது. விளக்கும் இல்லை, சுழலும் சத்தமும் இல்லை. உள்ளே ஒரு குடும்பத்தின் பல வருடப் படங்கள், வேறெங்கும் பிரதி கிடையாது. இப்போது 1.4 மெகாபைட் தவிர மற்றதெல்லாம் புது டிஸ்க்கில் இருக்கிறது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இந்த வேலையில் வரிசை மாறினால் தரவு போய்விடும்.

பழைய டிஸ்க் மறுபடி பயன்பாட்டுக்கு வர வேண்டியதில்லை. ஒரு முறை முழுதாகப் படித்து முடிக்கும்வரை ஓடினால் போதும். கீழே எடுத்த முடிவுகள் எல்லாமே அந்தக் கணக்கில் எடுத்தவை.

முதலில் காது

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் சத்தத்தை வைத்துப் பழுதைப் பிரித்துக்கொள்ளலாம். மின்சாரம் கொடுத்தும் எந்த அசைவும் இல்லையென்றால் பெரும்பாலும் டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு. சுழன்று, சீராக டக் டக்கென்று அடித்துவிட்டு நின்றால் தரவைப் படிக்கும் முனையான ஹெட், அல்லது ஹெட்டுக்குப் போகும் இணைப்பு. 2.5 அங்குல டிஸ்க்கில் பீப் போல மெல்லிய ஒலி கேட்டால், சுழல முடியாமல் மோட்டார் திணறுகிறது என்று பொருள். பெரும்பாலும் ஹெட், தரவு பதிந்திருக்கும் தட்டான பிளாட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுரண்டுவது போலக் கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பிளாட்டரின் காந்தப் பூச்சு உரிந்துகொண்டே போகும்.

இங்கே எந்தச் சத்தமும் இல்லை. அடாப்டர் விஷயமும் தெரியும் என்பதால் போர்டு என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்க முடிந்தது.

பெட்டியிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக சாட்டா கேபிளில் மாட்டுவதுதான் சரியான வழி, ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில், குறிப்பாக வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், மை புக் வகைகள் பலவற்றில், யுஎஸ்பி போர்டே தரவை என்கிரிப்ட் செய்துதான் எழுதும். பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் அப்படித்தான். அவற்றை வெளியே எடுத்து நேராக மாட்டினால் குப்பைதான் தெரியும், ஆகவே அந்தச் சின்ன போர்டைத் தூக்கி எறியக் கூடாது. இன்னொன்று, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் 512 பைட் செக்டாரை (டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டு) 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். நேராக மாட்டும்போது பார்ட்டிஷன் காணாமல் போனது போலத் தெரியும். தரவு அப்படியே இருக்கும். இது கடையில் தனியாக விற்கும் சாதாரணப் பெட்டி, கொள்ளளவும் 1 டெராபைட்தான் என்பதால் இரண்டு தொல்லையும் இல்லை.

மல்டிமீட்டர் சொன்னது

பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டு, அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டை அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, 5 வோல்ட்டை மட்டும் தானே குறைத்துத் தயாரிக்கும். அதனால் 19 வோல்ட் நேராகப் போய் இறங்கியது 12 வோல்ட் தடத்தில்தான்.

சாட்டா மின் இணைப்பில் 15 பின்கள். 7, 8, 9 மூன்றும் 5 வோல்ட். 13, 14, 15 மூன்றும் 12 வோல்ட். 4, 5, 6, 10, 12 கிரவுண்ட். டிஸ்க்கின் உலோக உடலும் கிரவுண்டுதான், ஆகவே கறுப்பு முனையை ஒரு ஸ்குரூத் துளையில் வைத்துக்கொண்டால் கை சுலபம். முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்க வேண்டும்: 0.3 ஓம் காட்டியது, அது வயரின் மின்தடை. பிறகு 5 வோல்ட் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு அளந்தால் சில கிலோ ஓம், பிரச்சினை இல்லை. 12 வோல்ட் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.6 ஓம். வயரைக் கழித்தால் கிட்டத்தட்ட முழு ஷார்ட்.

டார்க்ஸ் ஸ்குரூக்களைக் கழற்றி போர்டைத் திருப்ப வேண்டும். டி5 முதல் டி8 வரை உள்ள செட் ஒன்று இருந்தால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உதவும். சாதாரண மைனஸ் டிரைவரைத் திணித்துத் திருகினால் ஸ்குரூத் தலை வழுக்கிவிடும், அதன் பிறகு போர்டை எடுப்பதே பெரும்பாடு. போர்டுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சும், மோட்டார் டிரைவர் சிப்புக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் சிறு துண்டும் இருக்கும். கிழிக்காமல் எடுத்து, இருந்த இடத்தைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மின் இணைப்புக்கு அருகில் கறுப்புச் செவ்வகமாக இரண்டு டிவிஎஸ் டையோடுகள் நிற்கும், ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று 12 வோல்ட்டுக்கு. ஒரு முனையில் வெள்ளைக் கோடு இருக்கும். மின்னழுத்தம் எல்லை தாண்டினால் அதைத் தன் வழியாகக் கிரவுண்டுக்குத் திருப்பிவிட்டு, பின்னால் இருக்கும் சிப்புகளைக் காப்பதுதான் இவற்றின் வேலை. 12 வோல்ட் தடத்தில் வழக்கமாக வரும் எஸ்எம்பிஜே 12ஏ வகை 13.3 முதல் 14.7 வோல்ட்டுக்குள் கடத்த ஆரம்பிக்கும். 19 வோல்ட் தொடர்ந்து வந்தால் சூடேறி உள்ளே உருகி, நிரந்தர ஷார்ட்டாக நின்றுவிடும். அது செத்தால்தான் மற்றவை பிழைக்கும்.

ஆனால் 0.6 ஓம் என்ற அளவு மட்டும் டையோடைக் குற்றவாளி ஆக்கிவிடாது. அதே தடத்தில் செராமிக் கெபாசிட்டர்களும் மோட்டார் டிரைவர் சிப்பும் இணையாக நிற்கின்றன. எது ஷார்ட் ஆனாலும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். கழற்றி அளந்தால்தான் தெரியும்.

டையோடைக் கழற்றுதல்

25 வாட் பென்சில் அயர்ன் இதற்குப் போதாது. டையோடின் ஒரு முனை கிரவுண்டின் அகலமான செம்புப் பரப்பில் உட்கார்ந்திருக்கிறது, சூட்டை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். 60 வாட், வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய அயர்ன், உளி வடிவ முனை, 350 டிகிரி. இரு முனைகளிலும் ஃபிளக்ஸ் தடவி, புதிதாக ஈயம் கலந்த சால்டரைத் தாராளமாக ஏற்ற வேண்டும். தொழிற்சாலை சால்டர் ஈயமில்லாதது, உருகுநிலை அதிகம். பழைய 63/37 சால்டரைக் கலந்துவிட்டால் சீக்கிரம் இளகும். முனைகளை மாற்றி மாற்றிச் சூடாக்கி, டையோடு அசைந்ததும் ட்வீசரால் பக்கவாட்டில் நகர்த்தினால் வந்துவிடும். மேல்நோக்கி இழுத்தால், அது ஒட்டியிருக்கும் செம்புத் திட்டான பேட் கிழியும். கட்டிங் பிளேயரால் உடைத்தெடுப்பதைப் பலரும் காட்டுவார்கள். வேலை முடியும் என்பது உண்மைதான், ஆனால் பேட் பிய்ந்தால் அருகிலிருக்கும் தடமும் சேர்ந்து வரும்.

கழற்றிய டையோடு தனியாக 0.3 ஓம், இரண்டு திசையிலும். போர்டின் 12 வோல்ட் தடத்தில் இப்போது மின்தடை மெல்ல ஏறிச் சில கிலோ ஓமில் போய் நின்றது. கெபாசிட்டர் நிரம்பும்போது எண் அப்படித்தான் ஏறும். அருகிலிருந்த பூஜ்ய ஓம் ரெசிஸ்டர்களையும் அளந்தேன், எதுவும் அறுந்து போகவில்லை. அறுந்திருந்தால் மெல்லிய வயரால் பாலம் போட்டால் போதும்.

புது டையோடு போடவில்லை. விலை பத்து இருபது ரூபாய்தான், ஆனால் அது இல்லாமலும் டிஸ்க் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. ஒரு முறை படித்து எடுப்பதற்கு நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) இருந்தால் போதும். டையோடு இல்லாத டிஸ்க்கை மறுபடி எக்ஸ்டர்னல் பெட்டியில் வைத்து ஓட்டக் கூடாது.

சுழன்றது, ஆனால் அடித்தது

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது டேட்டா கேபிள் வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் 24 பின் கனெக்டரின் பச்சை வயரை ஒரு கறுப்பு வயரோடு சேர்த்தால் மதர்போர்டு இல்லாமலே இயங்கும். டிஸ்க் அசையாமல் தட்டையாக இருக்கட்டும், விரல் மோட்டார் டிரைவர் சிப்புக்கு அருகில் இருக்கட்டும். சுட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

மோட்டார் முழு வேகத்துக்கு வந்தது. சிப் சூடாகவில்லை. ஆனால் ஹெட் வெளியே வந்ததும் டக், டக், டக், பிறகு மோட்டார் நின்றுவிட்டது.

இந்த இடத்தில் பலர் இரண்டு தவறான முடிவுக்குப் போவார்கள். ஹெட் போய்விட்டது என்று கைவிடுவது ஒன்று. அதே மாடல் போர்டைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவந்து மாட்டிப் பார்ப்பது இன்னொன்று. போர்டை மட்டும் மாற்றுவது பழைய டிஸ்க்குகளில் எடுபட்டது. இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றின் ஹெட்டுக்கும் தொழிற்சாலையிலேயே அளந்த அளவீடுகள் போர்டின் ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும் (ரேம் இல்லை, ரீட் ஒன்லி வகை, எட்டுக் கால், 25 வரிசை ஃபிளாஷ்). வேறு போர்டு அந்த அளவீடு இல்லாமல் ஹெட்டை ஓட்டினால் அதே டக் டக்தான் கேட்கும். போர்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்த எட்டுக் கால் சிப்பையும் புது போர்டுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டுகள் பலவற்றில் அது யு12 என்ற இடத்தில் இருக்கும். அந்த இடம் காலியாக இருந்தால் அந்த அளவீடுகள் பெரிய கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன, அப்போது சூடு காட்டி மாற்றுவது வீட்டு வேலை இல்லை.

அந்தச் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஹெச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மலிவான கறுப்பு போர்டு வகையில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது ஆகாது, மாற்றிச் சரிசெய்த வகையைத்தான் வாங்க வேண்டும். எந்தச் சிப்பைப் படித்தாலும் இரண்டு முறை படித்து, இரு கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். கிளிப் சரியாக உட்காராவிட்டால் கோப்பு முழுக்க எஃப்எஃப் என்றே வரும்.

இங்கே அதற்கெல்லாம் போகத் தேவை இருக்கவில்லை. போர்டை மறுபடி கழற்றி உட்பக்கத்தை லென்ஸில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டிஸ்க் உடலிலிருந்து இரண்டு வரிசையாகச் சிறு ஊசிகள் ஸ்பிரிங் போல எழும்பி நிற்கும். ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் அவற்றின் வழியாகத்தான் போர்டுக்கு ஏறுகிறது. அவை தொடும் சதுர பேட்கள் வெள்ளிபோல மின்ன வேண்டும். இங்கே பேட்கள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன, இரண்டு பேட்கள் கறுப்பு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி இத்தனை காலம் அழுத்தியிருந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளி. போர்டைக் கழற்றி மாட்டியதில் ஊசி அந்தப் புள்ளியை விட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்து, துருப்படலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. கடற்காற்று படும் ஊர்களில் சில வருடம் அலமாரியில் கிடந்த டிஸ்க்குகளில் இது சகஜம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து டிஸ்க்குகள் என்றால் போர்டைத் திறந்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தால் படலம் போய்விடும். மணல் கலந்த நீல ரப்பரும் உப்புத்தாளும் கூடாது, பூச்சே போய்விடும். ரப்பர் துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பேட்களைத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட வேண்டும். டிஸ்க் பக்கத்து ஊசிகளைப் பஞ்சால் தொடவே கூடாது, நார் மாட்டினால் ஊசி வளையும். மோட்டாருக்குப் போகும் நான்கு பேட்களுக்கும் இதே சுத்தம். ஸ்குரூக்களைக் குறுக்கு மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஊசிகள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் உட்காரும்.

இந்த முறை சுழன்றது, ஹெட் ஒரே மூச்சில் உள்ளே போனது, அமைதியாக நின்றது.

பிரதி எடுத்தல்

டிஸ்க் ஓடுகிறதே என்று விண்டோஸில் மாட்டிப் படங்களை இழுத்துப் போடத் தோன்றும். செய்யக் கூடாது. விண்டோஸ் மாட்டியவுடன் எழுத ஆரம்பிக்கும், பார்மட் செய்யட்டுமா என்று கேட்கும், சில நேரம் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கைத் தானே தொடங்கிவிடும். நலிந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டினால், படிக்க முடியாத இடத்தில் இருந்த கோப்பகங்களை வெட்டி எறிந்துவிடும்.

லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் தொடங்கி, டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் ஆட்டோ மவுண்ட்டை நிறுத்திவைக்க வேண்டும். பிரதி எடுக்கப் பயன்படுத்திய நிரல் டிடிரெஸ்க்யூ. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸில் அது ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பேக்கேஜ் பெயரில் நிறுவ வேண்டும். டிடி_ரெஸ்க்யூ என்று அடிக்கோடு போட்டு வருவது வேறொரு நிரல்.

முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியல். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: 5 (மாற்றப்பட்ட செக்டார்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்), 198 (சரிசெய்ய முடியாத செக்டார்), 199 (கேபிள் வழியில் நேரும் பிழை). 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றினாலே போதும். இங்கே 199 பூஜ்யம், 197 மட்டும் 344. ஆக டிஸ்க் அடாப்டர் சம்பவத்துக்கு முன்பே நலிந்திருந்தது.

பிரதி போகும் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும். 1 டெராபைட் டிஸ்க் என்பது 1,000,204,886,016 பைட். இன்னொரு 1 டெராபைட் டிஸ்க்கை பார்மட் செய்து அதற்குள் இமேஜ் கோப்பாக (டிஸ்க் முழுவதன் நகலும் ஒரே கோப்பில்) வைக்க முயன்றால் கடைசியில் இடம் தீர்ந்துபோகும். எடுத்தது 2 டெராபைட் டிஸ்க், லினக்ஸின் இஎக்ஸ்டி4 பார்மட்டில். ஃபேட்32 கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும், உதவாது. எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணை லேபிளோடு ஒப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறக்கூடியவை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க், தரவு டிஸ்க்கின் மேல் எழுதப்படும்.

முதல் ஓட்டத்தில் சிறிய எழுத்து டி, என் என்ற இரண்டு விருப்பங்கள். டி, கெர்னலின் இடைநிலை நினைவகத்தைத் தவிர்த்து நேராகப் படிக்கச் சொல்கிறது. என், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிடச் சொல்கிறது. மூன்றாவதாக மேப் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் போனாலும், நாமே நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பு யுஎஸ்பியின் தற்காலிக நினைவகத்தில் இருந்தால் ரீபூட்டில் போய்விடும். இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வைக்க வேண்டும்.

டிஸ்க்கின் மேல் ஒரு மேசை விசிறி. வெப்பம் 38 டிகிரியைத் தாண்டவில்லை. வெளி விளிம்பில் நொடிக்கு 110 மெகாபைட், உள்ளே போகப் போக 55 வரை இறங்கியது. பிளாட்டரின் உள் வட்டம் சிறியது என்பதால் அது இயல்புதான். நடுவில் ஓரிடத்தில் வேகம் கிலோபைட்டுக்கு விழுந்தது. டிடிரெஸ்க்யூ அங்கே முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே சாதாரண காப்பியை விட இதை நம்புகிறேன். நலிந்த ஹெட் எப்போது நிற்கும் என்று தெரியாது. அதற்குள் எளிதாக வரக்கூடியது எல்லாம் வந்துவிட வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்தபோது வராதது 212 மெகாபைட். என் விருப்பத்தை எடுத்துவிட்டு அதே மேப் கோப்போடு ஓட்டியதில் 3 மெகாபைட் அளவுக்குக் குறைந்தது. பெரிய எழுத்து ஆர், அதாவது பின்னிருந்து முன்னாகப் படிப்பது, அதோடு மறுமுயற்சி மூன்று. 1.4 மெகாபைட்டில் நின்றது. அதற்கு மேல் விரட்டுவது ஹெட்டைத் தேய்ப்பதாகத்தான் முடியும். டிஸ்க்கை அணைத்து ஓரமாக வைத்தாயிற்று.

எந்தக் கோப்பு கெட்டது?

இனி எல்லாம் இமேஜின் மேல்தான், அதுவும் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து. கோப்பகங்கள் பெயரோடு தெரிந்தன. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் தன் கோப்புப் பட்டியலை எம்எஃப்டி என்ற இடத்தில், கோப்புக்கு வழக்கமாக 1024 பைட் வீதம் வைத்திருக்கிறது. ஓட்டை அங்கே விழுந்திருந்தால் டிஎம்டிஇ அல்லது டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரல்களுக்குப் போக வேண்டியிருக்கும். ஃபோட்டோரெக் கடைசி வழி; படங்கள் வரும், ஆனால் பெயரும் கோப்பகமும் போய்விடும்.

லட்சம் படங்களில் எது கெட்டது என்று திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டிடிரெஸ்க்யூவிலேயே இதற்கு நிரப்பும் முறை ஒன்று உண்டு. மேப் கோப்பில் கெட்டதென்று குறித்த இடங்களில் மட்டும், நாம் கொடுக்கும் ஒரு சொல்லை இமேஜுக்குள் திரும்பத் திரும்ப எழுதும். வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத நீளமான சொல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் மேப் கோப்பை நகலெடுத்து வைப்பது நல்லது. பிறகு இமேஜை மவுண்ட் செய்து, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று கிரெப் என்ற தேடும் கட்டளையால் தேடினால் சேதமான கோப்புகளின் பட்டியல் கைக்கு வரும். ஒரு டெராபைட்டையும் படிக்க வேண்டியிருப்பதால் நேரமாகும், ஆனால் பழைய டிஸ்க் அணைந்தே இருக்கிறது.

பட்டியலில் பெரும்பாலும் படங்கள், சில வீடியோக்கள். ஜேபெக் படத்தில் ஒரு செக்டார் போனால் அந்த வரிசை வரை சரியாக இருக்கும், அதற்குக் கீழே நிறம் மாறும் அல்லது சாம்பல் பட்டையாகிவிடும். முகம் மேலே இருந்தால் வெட்டி வைத்துக்கொள்ளலாம். எம்பி4 வீடியோவின் நடுவில் ஓட்டை விழுந்தால் ஒரு நொடி கலங்கிவிட்டு ஓடும். அட்டவணைப் பகுதியில் விழுந்தால் கோப்பு திறக்கவே செய்யாது. அந்தப் பகுதி பல கேமராக்களில் கோப்பின் கடைசியில் இருக்கும்.

செலவும், மாற்ற வேண்டியதும்

மல்டிமீட்டர் சுமார் 600 ரூபாய், டார்க்ஸ் செட் 250, ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஃபிளக்ஸ், சால்டர் எல்லாம் சேர்ந்து 400. புது 2 டெராபைட் டிஸ்க்தான் ஆறாயிரத்துக்கு மேல். அயர்னும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏற்கெனவே இருந்தவை.

அடுத்த முறை, டையோடுக்காகப் போர்டைக் கழற்றும்போதே பேட்களையும் சுத்தம் செய்துவிடலாம். அந்த டக் டக் சத்தத்தோடு ஹெட் தடுமாறியது தவிர்த்திருக்கக்கூடியது. முதல் மின்சாரத்துக்கு முன் ரோம் சிப்பின் பிரதியும் எடுத்து வைக்கலாம். டையோடு இல்லாமல் ஓடும்போது போர்டு போனால் அந்தப் பிரதிதான் ஒரே வழி.

பேட்களைச் சுத்தம் செய்த பின்னும் டக் டக் நிற்கவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதுதான் சரி. ஹெட் பிளாட்டருக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. வீட்டுக் காற்றில் மூடியைத் திறந்தால் விழும் தூசி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும் வேண்டாம், வெளியே எடுத்ததும் பிளாட்டரில் ஈரம் படியும். நிலையத்தில் ஹெட் மாற்றுவது சில ஆயிரம் ரூபாயில் முடியாது. ஆனால் அங்கே போகும் டிஸ்க்கை வீட்டில் யாரும் திறந்திருக்கக் கூடாது, முடிந்தவரை மின்சாரமும் காட்டியிருக்கக் கூடாது.

சேதப் பட்டியலில் இருந்த படங்களில் சிலவற்றின் சிறிய வடிவம் உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும் பழைய மின்னஞ்சல் இணைப்புகளிலும் கிடைத்தது. தேதியும் கோப்புப் பெயரும் கையில் இருந்ததால் கேட்டு வாங்குவது சுலபமாக இருந்தது. இமேஜ் கோப்பும் மேப் கோப்பும் இன்னும் அழிக்கப்படவில்லை. படங்களின் இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில் ஏறி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த இடம் காலியாகும்.